பதினாலாம் நம்பர் கல்

பண்ணைப்புரம்
2.12.2024

தம்பி சுரேஷ்கண்ணனுக்கு,

அக்கா நாகஜோதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. உன் விலாசம் என்னிடம் இல்லை. என் மகள் கயல்தான் செல்போனில் தேடி, நீ ஐதராபாத்தில் வேலை பார்க்கிற கம்பெனி விலாசத்தை எடுத்துக் கொடுத்தாள். போன் நம்பரும் கிடைக்கும் என்றாள். வேண்டாம் என்றேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

உன் மாமா போய்விட்டார். ஐப்பசி இருபதாம் தேதி. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு தேனி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். உனக்குச் சொல்லிவிடவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை யார் போடப்போகிறார்கள் என்று வந்தவர்கள் கேட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன். படிக்கும்போது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், மூக்கில் குழாயோடு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "கல்லு வச்ச எடத்துலயேதான் இருக்கு, நாகு. அவன ஒரு தடவ பாக்கச் சொல்லு" என்றார். நான், "சரி விடுங்க, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

நீ மறந்திருக்க மாட்டாய். தொண்ணூற்றொன்பதில் நீ மதுரையில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வந்து, இரும்புக் கம்பி அடித்து, மண்ணுக்குள் கரண்டு விட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். வரிசையாக இருபது கல் ஊன்றி நம்பர் எழுதினாய். பதினாலாம் நம்பர் கல்லில் போர் போடச் சொன்னாய். எண்ணூற்றைம்பது அடிக்கும் புழுதிதான் வந்தது. நீ மறுபடி வருவதற்குள் உழுததில் மற்ற கல்லெல்லாம் பெயர்ந்துபோய், அந்த ஒரு கல்தான் மிச்சம். நீ வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் எடுத்த படம் தப்பாது, வயரும் பைப்பும் மிச்சம் பிடிக்க மாமாதான் கல்லை மோட்டார் ரூமுக்குக் கிட்ட நகர்த்தி வைத்துவிட்டார் என்றாய். அவர் தொடவே இல்லை என்றார். நான் யாரை நம்பினேன் என்பது உனக்குத் தெரியும்.

அவர் பெட்டியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே, அன்றைக்கு நீ அவர் முன்னால் விட்டெறிந்துவிட்டுப் போன, அந்தப் படம் இருக்கிற சி.டி. வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கூடவே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "256 கலர் ஸ்கிரீன் இருந்தால்தான் ஓடும் என்கிறது. இங்கே கலர் அதைவிட ஜாஸ்தி. குறைக்கத் தெரியாது என்கிறார்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

திறந்து பார். அவர் கல்லை நகர்த்தினாரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

நாகஜோதி


ஐதராபாத்
11.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கவரின் மேல் உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்தேன். மீட்டிங் முடிகிற வரைக்கும் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்தியாக இருக்காது என்று தெரிந்துவிட்டது.

மாமாவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்தேன். கோடி விஷயம் நீ நினைத்தபடியே வலித்தது.

கல் விஷயத்தில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்குப் படம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய், பார்க்கிறேன். அந்தப் படத்தில் நீலம் என்றால் தண்ணீர் ஊறிய பாறை. சிவப்பு என்றால் இறுகிய பாறை, தண்ணீர் இருக்காது. பதினாலாம் கல்லுக்கு அடியில் நீலமாக இருந்தால், போர் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பாக இருந்தால் தப்பு கல்லில் இல்லை.

சீட்டில் மாமா எழுதியிருப்பது சரி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரே நேரத்தில் இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் வரும். எங்கள் ஆய்வகத்துப் புரோகிராமை அதற்கென்றே எழுதியிருந்தார்கள். இன்றைக்கு இருக்கிற திரை கோடிக்கும் மேலே நிறம் காட்டும். அதைப் பார்த்ததும் புரோகிராம், எனக்குத் தோதான திரை இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. என் லேப்டாப்பில் அதுகூடச் சொல்லவில்லை, சும்மா நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பொய்யாக உள்ளே உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் பாறை ஆராய்ச்சியை விட்டு வந்து இருபது வருடம் ஆகிறது. கொஞ்சம் நாள் கொடு.

அந்தச் சீட்டை மாமா எங்கே எழுதினார், எப்போது எழுதினார் என்று தெரியுமா?

சுரேஷ்


பண்ணைப்புரம்
19.12.2024

தம்பிக்கு,

எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கயலிடம் கேட்கிறேன். இந்தச் சி.டி. வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

கோடி நிறம் காட்டுகிற பெட்டிக்கு இருநூறு நிறம் காட்டத் தெரியவில்லை என்பது நல்ல வேடிக்கைதான். நீயும் அப்படித்தான். அவ்வளவு படித்தவனுக்கு, ஒரு மனுஷன் இல்லை என்று சொன்னால் இல்லைதான் என்று எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன், தெரிந்துகொள். திராட்சைப் பந்தல் ஒரு கோடையில் காய்ந்தது. கிழக்கே இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றோம். அவர் ஜீப் ஓட்டப் போனார். விடியற்காலையில் பெண்டுகளை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போவார், பொழுது சாயத் திரும்புவார். இருபது வருடம் அந்த மலையை ஏறி இறங்கினார். ஊரில் அவருக்கு என்ன பேர் தெரியுமா? கல்லுநகத்தி. கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. "கல்லுநகத்தி ஜீப்பு போயிருச்சா?" என்று என்னிடமே கேட்பார்கள். பேர் விஜயபாண்டி என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. செத்த வீட்டுக்கு வழி கேட்டவனுக்குக்கூட டீக்கடையில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கை காட்டினார்களாம்.

அந்தப் பேரை ஊருக்குக் கொடுத்தது நான். போர் பொய்த்த வாரம் குழாயடியில் வாய்விட்டுச் சொன்னேன், "எந்தம்பி படிச்சவன், அவன் சொன்னது தப்பாது. இவுகதான் கல்ல நகத்திட்டாக" என்று. அவர் அதற்கு முந்தின வாரம், எந்தக் கல்லில் போட்டாலும் வயருக்கு ரொம்ப நீளம் பிடிக்கும் போல என்று அலுத்துக்கொண்டிருந்தார். அதை வைத்து நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சீக்கிரம் பார்.

நாகஜோதி


ஐதராபாத்
30.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஓரளவு வேலை நடந்திருக்கிறது. அந்தப் புரோகிராம் பதினாறு பிட் காலத்தது. இப்போதைய விண்டோஸில் நேரடியாக ஓடாது. ஆகவே லேப்டாப்புக்குள் ஒரு பழைய விண்டோஸை ஏற்றினேன். அதிலும் திரையின் நிற ஆழம் இருபத்துநாலு பிட் என்றே வந்தது. நிற ஆழம் என்றால் ஒரு புள்ளிக்கு எத்தனை நிறம் காட்ட முடியும் என்கிற அளவு. புரோகிராம் தொடக்கத்திலேயே அதைச் சோதித்துப் பார்க்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றித் தாண்டினேன். படம் வந்தது. ஆனால் முழுக்கச் சிவப்பாக வந்தது. கறுப்பிலிருந்து சிவப்பு வரை, வேறு நிறமே இல்லை. காரணம் இதுதான்: அந்தப் புரோகிராம் ஒவ்வொரு புள்ளிக்கும் பூஜ்ஜியத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்துக்குள் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. பழைய திரை, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். புதிய திரையில் பட்டியல் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவு கேட்கும். ஒரே எண் கொடுத்தால் அதைச் சிவப்பின் அளவு என்றே எடுத்துக்கொள்கிறது.

இந்தச் சிவப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சி.டி.யும் பழசு, ஓரம் கொஞ்சம் உரிந்திருக்கிறது. ஒருவேளை கடைசி வரைக்கும் முடியாமலே போகலாம். மனதைத் தயார் செய்துகொள். நடந்தது நடந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சுரேஷ்


பண்ணைப்புரம்
17.1.2025

தம்பிக்கு,

துக்க வருடம் என்பதால் பொங்கல் இல்லை. வீட்டுக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. கல்லுக்கு மட்டும் அடித்தேன்.

உனக்கு இது தெரியாது. நீ சண்டை போட்டுவிட்டுப் போன மாதமே அவர் அந்தக் கல்லைச் சுற்றிச் சிமெண்டு பூசிவிட்டார், யாரும் அசைக்க முடியாதபடி. ஒவ்வொரு தைக்கும் வீட்டுக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போய் அதற்கு அடிப்பார். நீ எழுதின 14 அழிந்துவிடாமல் சுற்றி அடித்துவிட்டு, நம்பர் மேல் தார் தொட்டு இழுப்பார். வறண்ட குழிக்குப் பக்கத்தில் வெள்ளையும் சொள்ளையுமாக ஒரு கல். நான் சிரிப்பேன். "அம்மிக்கு அடிச்சாலும் அரைக்கவாச்சும் ஆகும்" என்பேன். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவை நான் குனிந்து தார் தொட்டு அந்தப் பதினாலை எழுதினேன். நாலு கொஞ்சம் கோணல்.

சீட்டைப் பற்றிக் கேட்டாயே, கயலுக்கு நினைவிருக்கிறது. அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனாராம். கவுண்டரில் மஞ்சப்பையைப் பிரித்து, "தம்பி, இதத் தொறந்து பதினாலாம் நம்பர்ல என்ன கலர்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்று கேட்டாராம். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு முடியாது என்றிருக்கிறார். என்ன காரணம் என்று கேட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாராம். அம்மாவிடம் சொல்லாதே என்று கயலுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாராம். அவளும் இருபது வருடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தேனியில் ஒரு காலேஜுக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேயும் திறக்கவில்லை.

என் மனுஷன் ஒரு நிறத்தைப் பார்ப்பதற்கு ஊர் ஊராக அலைந்திருக்கிறார். நான் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் போன கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிட் என்கிறாய், பட்டியல் என்கிறாய், கறுப்பு சிவப்பு என்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ உண்மை சொன்னால் ஒரு வரியில் சொல்வாய், பொய் சொன்னால்தான் விளக்கம் கொடுப்பாய். அப்பா சட்டையில் மை கொட்டினபோது பேனா எப்படி வேலை செய்கிறது என்று அரைமணி நேரம் சொன்னவன் நீ. உடம்பைப் பார்த்துக்கொள் என்று வேறு எழுதியிருக்கிறாய்.

படம் வந்துவிட்டதுதானே? என்ன நிறம், சொல்.

நாகஜோதி


ஐதராபாத்
26.1.2025

அக்கா,

சிவப்பு. பதினாலாம் கல்லுக்கு அடியில் முழுக்க இறுகிய பாறை. மாமா கல்லை நகர்த்தவில்லை.

முப்பதாம் தேதி உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே படம் சரியான நிறத்தில் வந்துவிட்டது. மாமாவின் சீட்டில் இருந்ததுதான் வழி. கம்பத்துக் கடைக்காரருக்குக் குறைக்கத் தெரியவில்லை, எனக்குக் குறைக்கத் தெரிந்தது. உள்ளே ஏற்றின பழைய கம்ப்யூட்டரின் திரையை எட்டு பிட்டாக்கி, இருநூற்றைம்பத்தாறு நிறத்தோடு நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் வந்தன. பதினாலு சிவப்பாக இருந்தது. முதலில் நம்பவில்லை. புரோகிராம்தான் இன்னும் சரியாக ஓடவில்லை என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான் நினைத்தேன், பார்.

நம்பர்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் டைப் அடிக்கிற ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் கிளிக் செய்தேன். உடனே பின்னால் இருந்த படத்தின் நிறமெல்லாம் புரண்டது. பதினாலு நீலமாகிவிட்டது. அந்த நீலத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், அக்கா.

அந்தக் காலத்துத் திரையில் இருந்த கோளாறு இது. நிறம் கொஞ்சம்தான் இருப்பதால், எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அது தனக்கு வேண்டிய நிறங்களை எடுத்துக்கொள்ளும். பின்னால் இருக்கிற படம் கிடைத்த நிறத்தைப் போட்டுக்கொண்டு பொய்யாக நிற்கும். படத்தின் மேல் கிளிக் செய்து முன்னால் கொண்டுவந்த பிறகுதான் படிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு வந்த முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

அன்றைக்கு மாமா எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆய்வகத்துக்குப் போன் செய்தார். "மாப்ள, ரிக் வண்டி வந்து நிக்கிது. எந்தக் கல்லுல போட?" என்றார். நான் வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள். படம் பின்னால் திறந்திருந்தது. எழுந்திருக்கவில்லை, கிளிக் செய்யவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்து, "பதினாலு, மாமா" என்றேன். மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

பிறகு வந்து கல் தள்ளி இருந்ததாக எனக்கு நினைவிருக்கிறது என்றேன். எனக்கு ஒரு நினைவும் இல்லை. அவர், "அளந்து பாரு மாப்ள" என்றார். அளக்க வேண்டியதில்லை, படம் சொல்கிறது என்றேன். அந்தப் படத்தை நான் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலேதான் சி.டி.யை அவர் முன்னால் வீசினேன். பயம் இருந்திருக்கும் போல. இல்லையென்றால் ஏன் பார்க்கவில்லை?

இன்னொன்றும் எழுத வேண்டும். நீலம் எட்டு, ஒன்பதாம் கல்லில் இருக்கிறது. நீங்கள் விற்ற கிழக்குப் பக்கம்.

உனக்குச் சந்தேகம் இருந்தால் அளந்துகொள்ளலாம். ஃபைலில் அளவு இருக்கிறது. பழைய கிழக்கு எல்லைக்கல்லிலிருந்து நேராக அறுபத்தைந்து மீட்டரில் பதினாலு வர வேண்டும். எனக்கு அந்த அளவு தேவையில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு, அக்கா.

சுரேஷ்


பண்ணைப்புரம்
6.2.2025

தம்பிக்கு,

கடிதத்தைக் கயல்தான் வாசித்தாள். எனக்கு முதல் வரிக்கு மேல் கண் தெரியவில்லை.

கிழக்கே தண்ணீர் இருக்கிறது என்று எழுதத் தயங்கியிருக்கிறாய். அது எனக்குப் புதுசு இல்லை. வாங்கினவர் அடுத்த வருடமே போர் போட்டார். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் பாத்திரம் கழுவுகிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார்.

வாசித்து முடித்ததும் கயல் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினாள். "அளந்துருவோம்மா, அப்பா பேரு சுத்தமாயிரும்" என்றாள். கிழக்கு வரப்பு வரைக்கும் நானும் போனேன். பழைய எல்லைக்கல்லில் டேப் முனையைப் பிடிக்கச் சொன்னாள். குனிந்தேன். முடியவில்லை. "வேணாம்டி, சுருட்டு" என்று சொல்லிவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் சந்தேகப்பட்டது போதும். செத்த பிறகும் டேப் பிடித்துப் பார்த்துத்தான் நம்புவேன் என்றால் நான் என்ன பொண்டாட்டி? அறுபத்தைந்து இருக்கட்டும், அறுபது இருக்கட்டும். அவர் நகர்த்தவில்லை என்று சொன்னார். அது போதும். இதை நான் தொண்ணூற்றொன்பதில் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்டது உன்னைப் பார்க்கச் சொல்லி இல்லை, தம்பி. இப்போதுதான் எனக்கு அது விளங்குகிறது. நான் ஒரு வார்த்தை சொல்வேனா என்று பார்த்தார். நான், விடுங்க என்றேன்.

நீ தப்புச் செய்தாய். அவசரத்தில் செய்தாய், பிறகு வீம்புக்கு அதையே பிடித்துக்கொண்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது போக நாளாகும். ஆனால் நீ திரையைப் பார்த்துத் தப்பாகச் சொன்னவன். நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள். தினமும் அந்த முகத்தைப் பார்த்தவள். உனக்கு மன்னிப்புக் கேட்க நான் இருக்கிறேன். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று டீக்கடைக்குப் போய் நின்றேன். பெண்பிள்ளை அங்கே போய் நிற்பது வழக்கமில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்க வீட்டுக்காரர் கல்லை நகர்த்தவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். பிறகு சுருளிராஜன், அவரோடு ஜீப் ஓட்டினவர், "எங்க எல்லாத்துக்கும் தெரியும்ல அது. அவரு அப்பிடிச் செய்ற ஆளா? பேரு ஒட்டிக்கிருச்சு, கூப்பிட்டோம்" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நீ வா. லேப்டாப்பு, படம் ஒன்றும் தூக்கி வர வேண்டாம். ஒரு சேலை எடுத்துக்கொண்டு வா, கோடிக்கு. நாள் கடந்து போடுவதா என்று ஊர் பேசும், பேசட்டும். தேனியில் இறங்கினால் கயல் கூட்டி வருவாள். வந்ததும் வீட்டுக்குள் வர வேண்டாம், நேரே தோட்டத்துக்குப் போ. நான் அங்கே நிற்பேன். நீ சொல்ல வேண்டியதை வாய்விட்டு அவரிடம் சொல். நீ முடித்ததும் நான் சொல்கிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இடம் தேட வேண்டியதில்லை. கல் நீ வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது.

அக்கா
நாகஜோதி